ஜெர்ஸியை மேஜையில் போட்டுவிட்டுப் போனவனை மறுபடி டீமில் சேர்க்கலாமா?

கேப்டன்_ராம்நாடு கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறேன், பாஸ்கெட்பால் டீம் கேப்டன். கல்லூரிப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம், இந்தக் கரையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

விஷயம் இதுதான். என்னோடு முதல் வருஷம் சேர்ந்த ஒரு பையன், பாம்பன் பக்கம், அப்பாவுக்கு நாட்டுப்படகு, அம்மா பாசி எடுக்கப் போகிறவர். ஆறடிக்கு மேல் உயரம். பள்ளியில் வாலிபால் ஆடினவன், பாஸ்கெட்பாலை இங்கே வந்துதான் தொட்டான், ஆனால் கொஞ்ச நாளிலேயே அவனைத் தாண்டி எங்களில் யாராலும் ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பி வருகிற பந்து) எடுக்க முடியவில்லை. அங்கேதான் வினை ஆரம்பித்தது. காலை ஆறு மணி பிராக்டிஸுக்கு ஏழு மணிக்கு வருவான், கேட்டால் பஸ் இல்லை என்பான். ஃபைனல் இயர் அண்ணன்களைப் பார்த்து "நான் இல்லேன்னா நீங்க இருபது பாயிண்ட்ல தோப்பீங்க" என்று ஒரு நாள் சொன்னான். அது பொய்யும் இல்லை, அதனால்தான் இன்னும் எரிச்சல்.

அந்த வருஷம் காரைக்குடியில் இன்டர்-காலேஜ், காலிறுதி. மூன்றாவது குவார்ட்டரில் இவன் ஒரு பிளாக் போட்டான், ரெஃப்ரீ ஃபவுல் என்றார். பந்தைத் தரையில் ஓங்கி அடித்தான், டெக்னிக்கல் (பெரும்பாலும் நடத்தைக்காகக் கொடுக்கிற ஃபவுல்). கடைசி குவார்ட்டரில் இன்னொரு விசில், ரெஃப்ரீ முகத்துக்கு நேராகப் போய்க் கை தட்டினான். இரண்டாவது டெக்னிக்கல், ஆள் வெளியே. அப்போது நாங்கள் நான்கு பாயிண்ட் முன்னால் இருந்தோம், மூன்று பாயிண்டில் தோற்றோம். தோற்றதைக்கூட விடுங்கள். எதிர் டீமுக்குக் கை கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் இவனைக் காணோம், பையை எடுத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறிப் போய்விட்டான். அடுத்த வாரம் பி.டி. சார் கூப்பிட்டுக் கேட்டதற்கு ஜெர்ஸியை அவர் மேஜையில் போட்டுவிட்டு வெளியே போனான். ஃபைனல் இயர் அண்ணன்கள் நான்கு பேருக்கு அதுதான் கடைசி மேட்ச்.

இரண்டாம் வருஷம் கல்லூரிக்கே சரியாக வரவில்லை. நான்கு அரியர். படகுக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டோம். இந்த ஜூனில் இருந்து மறுபடி வருகிறான், இரண்டு அரியரை முடித்துவிட்டான். டீமில் சேர்த்துக்கொள் என்று இதுவரை வாய் திறந்து கேட்கவில்லை. சாயங்காலம் கோர்ட் ஓரம் உட்கார்ந்திருப்பான், பந்து வெளியே போனால் எடுத்துப் போடுவான், அவ்வளவுதான்.

எங்கள் கோர்ட் திறந்தவெளி, சிமெண்ட் தரை. உப்புக்காற்றில் ரிங் துருப்பிடித்து, வலை இற்று, ரொம்ப நாளாக வெறும் வளையம்தான் தொங்கியது. ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் இரண்டு ரிங்கிலும் வலை. கடையில் வாங்கியது இல்லை, தடித்த நைலான் நூலில் கையால் முடிந்தது. ரிங்கில் பன்னிரண்டு கொக்கி இருக்கும், ஒரு பக்கத்து ரிங்கில் மூன்று ஒடிந்து போயிருந்தது, அந்த இடத்தில் மட்டும் நூலை வளையத்திலேயே சுற்றி இறுக்கியிருந்தான். கீழ்ப்பக்கம் கண்ணி கொஞ்சம் சின்னதாகிவிட்டது, பந்து ஒரு நொடி தங்கித்தான் விழுகிறது. யார் கட்டினது என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

போன வாரம் பி.டி. சார் என்னைக் கூப்பிட்டு, "உங்க டீம், நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். டீமில் பாதிப் பேர் சேர்க்கலாம் என்கிறார்கள், பாதிப் பேர் அவன் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்கிறார்கள். இப்படித் தப்புப் பண்ணிவிட்டுத் திரும்பி வந்து ஆடினவர்கள் கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தத்துவம் வேண்டாம், என்ன செய்யலாம் என்று நேராகச் சொன்னால் போதும்.

கீழக்கரை_காக்கா:

தம்பி, நான் இப்போது துபாயில் இருக்கிறேன், ஒரு காலத்தில் நம் பக்கத்துக் கல்லூரி டீமில் பாயிண்ட் கார்டு. உனக்குச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார், ஃப்ரெட் பிரவுன்.

1982, அமெரிக்கக் கல்லூரிகளின் என்.சி.ஏ.ஏ. ஃபைனல், ஜார்ஜ்டவுனும் நார்த் கரோலினாவும். நார்த் கரோலினாவில் அப்போது முதல் வருஷ மாணவன் மைக்கேல் ஜோர்டன். ஆட்டம் முடிய பதினைந்து வினாடி சொச்சம் இருக்கும்போது ஒரு ஜம்ப் ஷாட் போட்டு 63-62 என்று ஆக்கிவிட்டான். பந்து ஜார்ஜ்டவுன் கையில், ஒரு கூடை விழுந்தால் கோப்பை. பந்தைக் கொண்டுவந்தது ஃப்ரெட் பிரவுன், இரண்டாம் வருஷப் பையன். பக்கத்தில் நம் ஆள் நிற்கிறான் என்று நினைத்துப் பாஸ் கொடுத்தான், அங்கே நின்றது எதிரணி ஜேம்ஸ் வொர்தி. நேராக அவன் கையில் போய் விழுந்தது. முடிந்தது கதை. நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறது, நினைத்துப் பார்.

கோச் ஜான் தாம்ப்சன் என்ன செய்தார் தெரியுமா? ஆறடி பத்து அங்குலம் இருப்பார், ஆடின காலத்தில் பாஸ்டன் செல்டிக்ஸில் பில் ரஸ்ஸலுக்கு மாற்று ஆளாக இருந்தவர். அங்கேயே அந்தப் பையனை இழுத்துக் கட்டிப்பிடித்தார். அந்தப் படம் பிரபலம். இரண்டு வருஷம் கழித்து 1984-ல் ஹூஸ்டனை 84-75 என்று ஜெயித்து அதே ஜார்ஜ்டவுன் கோப்பை வாங்கியது, பிரவுன் கடைசி வருஷ மாணவனாக அதே டீமில் இருந்தான், அன்றைக்கும் கோச் அவனைக் கட்டிப்பிடித்தார்.

நான் இதில் சொல்ல வந்தது வேறு. 1984 ஃபைனலில் சிறந்த ஆட்டக்காரர் பேட்ரிக் யூயிங். பிரவுன் கடைசி வினாடியில் ஷாட் போட்டு ஜெயிக்க வைக்கவில்லை, சினிமா மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஆடினான், டீமில் இருந்தான், டீம் ஜெயித்தது. உங்கள் பாம்பன் பையனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அவன் வந்துதான் கோப்பை வாங்கித் தர வேண்டும் என்று தலையில் ஏற்றாதீர்கள், அப்படி ஏற்றினால் மூன்றாவது டெக்னிக்கலும் வரும்.

தொண்டிக்காரன்:

காக்கா சொன்ன கதை நல்ல கதைதான், ஆனால் இங்கே பொருந்தாது. ஃப்ரெட் பிரவுன் ஜெயிக்கப் பார்த்து ஒரு நொடியில் தவறினான். உங்கள் ஆள் டீமை நடுவில் விட்டுவிட்டு பஸ் ஏறினான். முதலாவது கை தவறியது, இரண்டாவது குணம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

அப்புறம் யாராவது ஆலன் ஐவர்சனைக் கொண்டுவருவீர்கள், அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதில், 1993-ல் ஒரு பௌலிங் விளையாட்டுக் கூடத்தில் நடந்த அடிதடிக்காக வழக்கு, தண்டனை, நான்கு மாதம் ஜெயில், வெளியே வந்ததும் இதே தாம்ப்சன்தான் ஜார்ஜ்டவுனில் சேர்த்துக்கொண்டார், அவன் அம்மா நேரில் போய்க் கேட்டார். 1996-ல் என்.பி.ஏ. டிராஃப்ட்டில், அதாவது அமெரிக்கத் தொழில்முறை லீக் புது ஆட்டக்காரர்களை எடுக்கிற தேர்வில், முதல் ஆள். எல்லாம் சரி. ஆனால் அந்தத் தீர்ப்பு ஆதாரம் போதாது என்று 1995-ல் ரத்தானது. அதனால் அவரைத் தப்புப் பண்ணித் திருந்தினவர் கணக்கில் எழுதுவதே தப்பு.

இங்கே யாரும் கேட்காத கேள்வி ஒன்று. டீம் பன்னிரண்டு பேர். இவன் உள்ளே வந்தால் யாரோ ஒருத்தன் வெளியே போக வேண்டும். இரண்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டில் தூக்கின பன்னிரண்டாவது பையன் ஒருத்தன் உங்கள் டீமில் நிச்சயம் இருப்பான். அவனிடம் என்ன சொல்வாய்? திறமை இருக்கிறவன் தப்புப் பண்ணினால் இடம் காத்திருக்கும், திறமை குறைந்தவன் ஒழுங்காக வந்தால் இடம் பறிபோகும் என்றா?

விசில்_அண்ணன்:

இருபது வருஷமாக மாவட்ட மேட்ச்களுக்கு விசில் ஊதுகிறேன், அதனால் ரெஃப்ரீ பக்கத்திலிருந்து கொஞ்சம்.

டெக்னிக்கல் என்பது வெளியே நினைக்கிற அளவுக்குப் பெரிய குற்றம் இல்லை. ஒரு ஃப்ரீ த்ரோ, அதை எதிர் டீமில் யார் வேண்டுமானாலும் போடலாம், கோச் சிறந்த ஷூட்டரைத்தான் அனுப்புவார். அதோடு அது அந்த ஆளின் ஐந்து ஃபவுலில் ஒன்று, டீம் ஃபவுலிலும் ஒன்று. ஒரே ஆளுக்கு இரண்டு வந்தால்தான் வெளியே. கிரிஸ் வெப்பர் கதை தெரியுமா? 1993 என்.சி.ஏ.ஏ. ஃபைனல், மிச்சிகன் இரண்டு பாயிண்ட் பின்னால், 11 வினாடி மிச்சம், இல்லாத டைம்அவுட்டைக் கேட்டுவிட்டான். அதற்கும் டெக்னிக்கல்தான், 77-71-ல் தோற்றார்கள். கெட்ட வார்த்தை ஒன்றுகூடப் பேசவில்லை, பாவம். அதே வெப்பர் 2021-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். நாம் ஆடுகிற ஃபிபா (சர்வதேச பாஸ்கெட்பால் சம்மேளனம்) விதியில் ஆட்டக்காரனால் டைம்அவுட் கேட்கவே முடியாது, பெஞ்சில் இருந்து கோச்தான் கேட்க வேண்டும், அந்த மட்டுக்கு நம் பையன்கள் பிழைத்தார்கள்.

இரண்டாவது டெக்னிக்கல் எப்படி வருகிறது என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். முதல் டெக்னிக்கல் வாங்கினவனை அப்படியே விட்டுவிடுவார்கள், கூட ஆடுகிறவன்கூடப் பக்கத்தில் போகமாட்டான். அவன் அதையே மென்றுகொண்டு ஓடுவான், அடுத்த விசிலுக்கு வெடிப்பான். காரைக்குடியில் முதல் டெக்னிக்கலுக்கு அப்புறம் உங்கள் பெஞ்ச் அவனை வெளியே எடுத்து இரண்டு நிமிஷம் உட்கார வைத்ததா? நீங்கள் எழுதினதில் அது இல்லை. தப்பு அவனுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் வருஷப் பையனைக் கொதிக்கக் கொதிக்க ஆடவிட்ட பெஞ்சுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

விதிப்படி ரெஃப்ரீயிடம் விளக்கம் கேட்கிற உரிமை கேப்டனுக்குத்தான், அதுவும் ஆட்டம் நின்றிருக்கும்போது, மரியாதையாக. அவன் மறுபடி ஆடினால் இதை மட்டும் மனப்பாடம் செய்ய வை: விசில் கேட்டதும் பந்தைக் கீழே வைத்துவிட்டு உன் பக்கம் நடந்து வர வேண்டும், பேச வேண்டியதை நீ பேசுவாய். சும்மா "கோபப்படாதே" என்று சொன்னால் எவனுக்கும் கேட்காது. காலுக்கு ஒரு வேலை கொடுத்தால் வாய் தானாக அடங்கும்.

கேப்டன்_ராம்நாடு:

விசில் அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்ததும் அன்றைக்கு மேட்ச் பார்த்தவர்களிடம் கேட்டேன். யாரும் அவனை வெளியே எடுக்கவில்லை. அப்போது எங்களுக்கு உயரமான ஆள் வேறு இல்லை.

தொண்டி அண்ணே, பன்னிரண்டாவது பையன் இருக்கிறான். உச்சிப்புளியில் இருந்து வருகிறான், ஒரு நாள் பிராக்டிஸ் விட்டதில்லை, லே-அப் இன்னும் சரியாக வராது. அவனிடமே கேட்டேன். "அவரைச் சேருங்கண்ணே, நான் அடுத்த வருஷமும் இருக்கேன்" என்றான். அதற்கு அப்புறம்தான் எனக்கு இன்னும் குழப்பம் அதிகம்.

தொண்டிக்காரன்:

அவன் அப்படித்தான் சொல்வான். நல்ல பையன் விட்டுக்கொடுக்கிறேன் என்று சொன்னால் உடனே வாங்கிக்கொள்வதா? கேட்டதே தப்பு தம்பி.

ஓய்வு_பி.டி:

நான் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன், ஊர் தேவிபட்டினம். மேலே எல்லாரும் பையனைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் முதலில் உங்கள் பி.டி. பற்றிப் பேசுகிறேன், அவர் படித்தாலும் பரவாயில்லை. இது இருபது வயதுப் பையன்கள் ஓட்டுப் போட்டுத் தீர்க்கிற காரியமா? நாளைக்கு அவன் மறுபடி ஏதாவது செய்தால் "நீதானே சேர்த்தாய்" என்று கேப்டன் தலை உருளும். சேர்க்காவிட்டால் அந்தப் பையன் ஆயுசுக்கும் கேப்டனை எதிரியாகப் பார்ப்பான். முடிவு எடுக்கத்தான் கல்லூரி அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. தாம்ப்சன் ஃபைனலில் தோற்ற இரவில் ஃப்ரெட் பிரவுனைக் கட்டிப்பிடிக்கலாமா என்று டீமைக் கூட்டி வைத்து ஓட்டு எடுக்கவில்லை. தம்பி, நீ சாரிடம் போய், "கருத்துச் சொல்கிறோம், முடிவை நீங்கள் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கொடு. இது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இப்போது பையன். அதே தாம்ப்சன் தன் அலுவலகத்தில் காற்று இறங்கின பாஸ்கெட்பால் ஒன்றை வைத்திருப்பார். இந்தக் காற்றை நம்பி வாழ்க்கையை வைக்காதே என்று பையன்களுக்குக் காட்டத்தான். படிப்புக்கென்றே தனியாக ஒருவரை டீமோடு வைத்திருந்தார். அதே மனிதர் 1989-ல், தேர்வு மதிப்பெண் குறைந்த மாணவர்களுக்கு உதவித்தொகையையே மறுக்கிற ஒரு விதி வந்தபோது, அது ஏழைப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிடும் என்று சொல்லி ஒரு மேட்ச் ஆரம்பிக்கும்போது கோர்ட்டை விட்டு வெளிநடப்புச் செய்தார். படி என்று கண்டிப்பு, ஆனால் படிப்பைச் சாக்கு வைத்துக் கதவை மூடாதே என்று சண்டை. இரண்டும் வேண்டும்.

அதனால் என் கணக்கு: மிச்சம் இருக்கிற இரண்டு அரியருக்கும் அவன் பணம் கட்டியிருக்கிறானா, அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வருமா என்று பாருங்கள். அது இல்லாமல் மற்றதெல்லாம் வெட்டிப் பேச்சு. எலிஜிபிலிட்டி ஃபார்மில் பிரின்சிபால் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு முன்னால் உங்கள் மன்னிப்பு செல்லாது. பிராக்டிஸுக்கு இன்றைக்கே வரச் சொல்லுங்கள், அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம். பெயர்ப் பட்டியலில் பன்னிரண்டாவது பையன் இருக்கட்டும். இவனைப் பதிமூன்றாவது ஆளாகக் கூட்டிக்கொண்டு போங்கள், காரைக்குடிக்குத்தான், அதே பஸ்ஸில், போகும்போதும் வரும்போதும்.

டீம் முன்னால் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். நான் அப்படி ஒரு தடவை பார்த்தேன், கேட்டவனுக்கும் வெட்கம், கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்கும் வெட்கம், அதற்குப் பிறகு ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கவில்லை. பாதிக்கப்பட்டது அந்த நான்கு ஃபைனல் இயர் பையன்கள். அவர்கள் நம்பரை மட்டும் அவனுக்குக் கொடுங்கள். பேசுவதும் பேசாததும் அவன் பொறுப்பு.

பாம்பன்_டென்:

நான் அதே கல்லூரி, பெண்கள் டீம். கேப்டன் அண்ணா, நான் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், பரவாயில்லை.

முதலில் அந்த "பஸ் இல்லை" விஷயம். நானும் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள், புதுப் பாலம் திறந்து ரயில் ஓடினது 2025 ஏப்ரலில்தான். நாம் முதல் வருஷம் படித்தபோது எங்களுக்கு ரயிலே கிடையாது. விடிகாலை பஸ் ராமேஸ்வரத்திலேயே நிறைந்து வரும், பாம்பனில் கை காட்டினால் நின்றால் உண்டு. ராமநாதபுரம் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆறு மணிக்கு பிராக்டிஸ் வைத்தது ஹாஸ்டலில் இருக்கிறவர்கள் வசதிக்கு. எனக்கும் அதே கஷ்டம்தான், நான் பெண் என்பதால் யாரும் என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ரெஃப்ரீ முன்னால் கை தட்டினது, ஜெர்ஸியைப் போட்டுவிட்டுப் போனது எல்லாம் அவன் தப்பு, அதை நான் நியாயப்படுத்தவில்லை. லேட்டாக வந்ததை மட்டும் அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, ஜூனில் இருந்து அவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஆடி முடித்துவிட்டுப் போன பிறகுதான் எங்களுக்குக் கோர்ட் கிடைக்கிறது, அப்போது பாதி இருட்டு. (ஆறரை மணிக்கு மேல் எங்களை ஆடச் சொல்கிறவர்கள் ஒரு லைட் போட்டால் என்ன? இது வேறு திரியில் பேச வேண்டியது.) எங்களுக்கு அவன்தான் ரீபவுண்ட் எடுத்துப் போடுகிறான். எங்கள் சென்டர் பெண்ணுக்கு பாக்ஸ்-அவுட் சொல்லிக்கொடுத்தான், பந்தைப் பார்க்காதே, முதலில் முதுகால் ஆளைத் தேடு, இடுப்பை இறக்கு, அப்புறம் குதி என்று. எங்களோடு நன்றாகப் பேசுகிறான். உங்களைக் கண்டால்தான் வாய் திறக்கமாட்டேன் என்கிறான். நீங்களாகப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீர்களா? வலையை அவன்தான் கட்டினான் என்று தெரிந்தும் யாரும் கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கீழக்கரை_காக்கா:

தங்கச்சி சொன்னதுக்கு மேல் என்ன இருக்கிறது. கேப்டன், எழுந்து போய்ப் பேசு.

கேப்டன்_ராம்நாடு:

தாமதத்துக்கு மன்னிக்கவும், இன்டர்னல் எக்ஸாம் நடந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

பி.டி. சாரிடம் முடிவை நீங்களே சொல்லுங்கள் சார் என்று கேட்டேன். கொஞ்சம் முறைத்தார், அப்புறம் சரி என்றார். பெயர்ப் பட்டியல் மாறாது, உச்சிப்புளிப் பையன்தான் பன்னிரண்டாவது. இவன் கூட வருவான், ஆடமாட்டான். நவம்பர் பரீட்சையில் அரியர் முடிந்தால் அதற்குப் பிறகு வருகிற போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பார். காலை பிராக்டிஸை சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டார், அதற்கு ஹாஸ்டல் பையன்கள் இன்னும் முனகுகிறார்கள்.

நானே போய்ப் பேசினேன். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "வலை கீழே டைட்டா இருக்குடா" என்றேன், "தெரியும், அவுத்துக் கட்டணும்" என்றான். நம்பர்களைக் கொடுத்தேன். நான்கு அண்ணன்களுக்கும் போன் போட்டிருக்கிறான். இரண்டு பேர் நன்றாகப் பேசினார்களாம், ஒருத்தர் பத்து நிமிஷம் திட்டிவிட்டு வைத்துவிட்டார், இன்னொருத்தர் எடுக்கவே இல்லை. வரமாட்டோம் என்று சொன்ன ஆறு பேரில் ஐந்து பேர் பிராக்டிஸுக்கு வருகிறார்கள், ஒருத்தன் இன்னும் வரவில்லை, அவனை நான் குறை சொல்லமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சீதக்காதி சேதுபதி ஸ்டேடியத்தில் வெளி டீமோடு ஒரு பிராக்டிஸ் மேட்ச். இதற்குப் பட்டியல் எதுவும் இல்லை என்பதால் அவனையும் இறக்கினோம். நல்ல கச்சான் காற்று, த்ரீ பாயிண்டர் போட்டால் பந்து கோணலாகப் போகிறது, போர்டில் அடித்துப் போட்டது மட்டும்தான் விழுந்தது. அவன் எப்படி ஆடினான் என்றால், சுமார்தான். ஒரு வருஷமாக ஆடாதது தெரிந்தது, மூச்சு வாங்கினான். இரண்டாவது குவார்ட்டரில் அவன் கையில் இருந்த பந்தைத் தட்டினவனுக்கு ஃபவுல் கொடுக்காமல் இவன்மேல் டிராவலிங் (பந்தைத் தட்டாமல் நடந்த தப்பு) ஊதினார்கள். வாயைத் திறந்தான். நான் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பந்தை வைத்துவிட்டு என் பக்கம் நடந்து வந்தான், முகம் அப்படியே சிவந்துவிட்டது, ஆனால் வந்தான். விசில் அண்ணே, அது வேலை செய்தது. அடுத்த நிமிஷமே கோபத்தில் ஒரு மடத்தனமான ஃபவுல் பண்ணினான், அதுவும் உண்மை. கடைசி குவார்ட்டரில் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே போனான். பெஞ்சில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தான், தோற்றோம், எல்லாரோடும் கை கொடுத்தான், டீக்கடைக்கும் வந்தான்.

தொண்டிக்காரன்:

பன்னிரண்டாவது பையனை வைத்துக்கொண்டதற்கு உங்கள் சாருக்கு ஒரு கும்பிடு. மற்றபடி நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. பிராக்டிஸ் மேட்ச் வேறு, காரைக்குடியில் கூட்டம் கத்தும்போது பெஞ்சில் வெறுமனே உட்கார்ந்திருப்பது வேறு. அங்கே நானும் வருவேன், பார்க்கிறேன்.

கேப்டன்_ராம்நாடு:

வாங்கண்ணே. இன்னொரு கேள்வி, விசில் அண்ணே பார்த்தால் சொல்லவும். காற்றில் மணல் வந்து சிமெண்ட் கோர்ட்டில் படிகிறது, எவ்வளவு பெருக்கினாலும் கொஞ்ச நேரத்தில் ஷூ வழுக்குகிறது. போன வாரம் ஒருத்தனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. என்ன செய்யலாம்?

விசில்_அண்ணன்:

பெருக்கினால் போகாது. நுண்மணல், துடைப்பம் அதைப் பரப்பிவிடும். ஈரச்சாக்கை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துக் கடலோரப் பக்கத்தில் இருந்து இழுத்துக்கொண்டு வாருங்கள், மேட்சுக்கு முன்னால் ஒரு தடவை, ஹாஃப் டைமில் ஒரு தடவை. தரை காய்ந்த பிறகுதான் இறங்க வேண்டும். பெஞ்ச் பக்கத்தில் ஈரத்துணி ஒன்று விரித்து வையுங்கள், உள்ளே போகிறவன் ஷூ அடியை அதில் தேய்த்துவிட்டுப் போகட்டும். நல்ல தண்ணீரில் நனையுங்கள், உப்புத் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் அதுவே வழுக்கும்.